கார் விலையும் பேரத்தின் மொழியும்

ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலத்தின் பின்புறத்தில் அதன் அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்க வேண்டும்; வரிகள் யாவும் அந்த எண்ணுக்குள் அடங்கியிருக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் அதன்கீழ் 2011இல் நடைமுறைக்கு வந்த பொட்டலப் பொருள் விதிகளும் இதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அந்த எண்ணுக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கும் கடைக்காரரிடம் பத்து வயதுச் சிறுமிகூடப் பொட்டலத்தைத் திருப்பிக் காட்டி வாதாட முடியும். வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு நடுத்தரக் குடும்பம் செய்யும் பெருஞ்செலவு கார் வாங்குவது. ஆனால் விற்பனைக் கூடத்தில் அதன் விலையைக் கேட்டால் விடையாக வருவது ஓர் எண் அன்று, ஓர் உரையாடல்.

அந்த உரையாடலுக்குப் பேரம் என்று பெயர். அதைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் வழங்கும் அறிவுரைகளுக்குப் பஞ்சமில்லை. மாதக் கடைசியில் போக வேண்டும். மூன்று டீலர்களிடம் கொட்டேஷன் வாங்க வேண்டும். வண்டி பிடித்துவிட்டது என்பதை முகத்தில் காட்டக் கூடாது. எழுந்து போவதுபோல் நடிக்க வேண்டும். இவை பயனற்றவை அல்ல. ஆனால் இவற்றின் அடியில் ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது: நல்ல விலை என்பது பேச்சுத் திறமைக்குக் கிடைக்கும் பரிசு, கூடுதலாகக் கொடுத்தவர் தம் அசட்டுத்தனத்துக்குக் கொடுத்தார். இக்கருத்து பிழையானது. காரின் விலையைத் தீர்மானிப்பதில் நாவன்மையைவிடப் பெரிய பங்கு தகவலுக்கு உண்டு. அந்தத் தகவல் யார் கையில், எந்த மொழியில் இருக்கிறது என்பதே உண்மையான கேள்வி.

புணேயில் முதன்முறையாகக் கார் வாங்கச் செல்லும் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியையைக் கற்பனை செய்துகொள்ளலாம். குடும்பத்தில் அவருக்கு முன் கார் வாங்கியவர் எவருமில்லை. கூடத்துக்குள் நுழைந்ததும் குளிர்ந்த நீர் வருகிறது, புன்னகை வருகிறது, "எந்த நிறம் பார்த்திருக்கிறீர்கள், மேடம்?" என்ற கேள்வி வருகிறது. வாங்குவதா வேண்டாமா என்பதையே அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் கேள்வியின் அமைப்பு அந்த முடிவை முன்னரே எடுத்துவிட்டது. நிறத்தைச் சொன்னால் வாங்குவதாக ஒப்புக்கொண்டதாகும். மொழியியலில் இதற்கு முற்கோள் என்று பெயர்: ஒரு வாக்கியம் வெளிப்படையாகச் சொல்லாமலே உண்மையென ஏற்கவைக்கும் செய்தி.

அடுத்த கேள்வி இன்னும் நுட்பமானது: "மாதம் எவ்வளவு கட்டினால் உங்களுக்கு வசதி?" விலையைப் பற்றிய பேச்சு இந்த ஒரு வாக்கியத்தில் தவணையைப் பற்றிய பேச்சாக மாறிவிடுகிறது. பிறகு, "இன்று மட்டும்தான் இந்த ஆஃபர்" என்ற கெடு. அதன்பின், "மேனேஜரிடம் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று எழுந்து செல்லுதல். முடிவெடுப்பவர் கண்ணாடி அறைக்குள் இருக்கிறார், பேசுபவருக்கு அதிகாரமில்லை. ஆசிரியையின் பக்கத்திலோ முடிவெடுப்பவரும் பேசுபவரும் ஒருவரே. அவர் சொல்லும் ஒவ்வொரு எண்ணும் அவரைக் கட்டுப்படுத்தும். எதிர்ப்பக்கம் சொல்லும் எண் எவரையும் கட்டுப்படுத்தாது.

உரையாடலில் ஈடுபடும் இருவரும் ஒரு பொது நோக்கத்துக்காக ஒத்துழைக்கிறார்கள் என்ற எதிர்பார்ப்பிலேயே மனிதர் பேச்சுக்குப் பொருள் கொள்கிறார்கள் என்று மெய்யியலாளர் பால் கிரைஸ் விளக்கினார். 1975இல் வெளியான அவருடைய கட்டுரை, தேவையான அளவு சொல்லுதல், உண்மையைச் சொல்லுதல், பொருத்தமானதைச் சொல்லுதல், தெளிவாகச் சொல்லுதல் என்ற நான்கு நெறிகளை முன்வைத்தது. விற்பனைக் கூடத்தில் பெரும்பாலும் பொய் சொல்லப்படுவதில்லை. மீறப்படுவது முதல் நெறி: தேவையான அளவு சொல்லப்படுவதில்லை. "25,000 ரூபாய் தள்ளுபடி" என்பது உண்மையாகவே இருக்கலாம். வேறு எந்தெந்த வரியில் அந்தத் தொகை திரும்பி வருகிறது என்பது மட்டும் சொல்லப்படாது. ஒத்துழைப்பை எதிர்பார்த்துப் பழகிய மனம் சொல்லப்படாததை இல்லாததாக எடுத்துக்கொள்கிறது.

ஆகவே விலையைத் துண்டு துண்டாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. 'எக்ஸ் ஷோரூம்' விலை என்பது சரக்கு மற்றும் சேவை வரி உள்ளிட்ட விற்பனை விலை. 'ஆன் ரோடு' விலை என்பது அதன்மேல் மாநிலச் சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு ஆகியவை சேர்ந்தது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டியானால் மூலத்தில் வசூலிக்கப்படும் ஒரு விழுக்காட்டு வரியும் உண்டு. 2016 முதல் நடைமுறையில் உள்ள இந்த ஒரு விழுக்காடு செலவே அன்று. வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம். சாலை வரியும் பதிவுக் கட்டணமும் அரசுக்குப் போவன. அவற்றில் பேரத்துக்கு இடமில்லை. இவற்றுக்கு அப்பால் அந்தத் தாளில் உள்ள ஏறத்தாழ எல்லா வரிகளும் பேசித் தீர்க்கக்கூடியவை. ஆனால் தாளில் எல்லாம் ஒரே எழுத்துருவில், ஒரே அதிகாரத் தொனியில் அச்சாகியிருக்கின்றன.

காப்பீட்டை எடுத்துக்கொள்ளலாம். உச்ச நீதிமன்றத்தின் ஆணைக்குப் பின், 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்றாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். அதன் தொகையை அரசே நிர்ணயிக்கிறது; 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு 2022 ஜூன் முதல் அது 10,640 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. வண்டியின் சொந்தச் சேதத்துக்கான காப்பீடு அப்படியன்று. அது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதை டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்ற விதி கிடையாது. பழைய காரில் சேர்ந்த, அதிகபட்சம் 50 விழுக்காடு வரை போகக்கூடிய கோரிக்கையின்மைச் சலுகையையும் புதிய காருக்கு மாற்றிக்கொள்ளலாம். ஏனெனில் அச்சலுகை வண்டிக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. இத்தனையும் "இன்ஷூரன்ஸ்" என்ற ஒற்றைச் சொல்லுக்கும் அதன் எதிரேயுள்ள ஒற்றை எண்ணுக்கும் பின்னால் மறைந்துவிடுகின்றன. வெளியே எடுப்பதாகச் சொன்னால், "அப்படியானால் டிஸ்கவுண்ட் கிடையாது" என்று பதில் வருவதுண்டு. ஒன்றை வாங்கினால்தான் மற்றொன்று என்று கட்டிப்போடும் வணிகத்தை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்றே வகைப்படுத்துகிறது.

தவணைக் கணக்கு இன்னும் கூர்மையானது. எட்டு லட்சம் ரூபாய்க் கடனை ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 16,607 ரூபாய். அதையே ஏழாண்டுக்கு நீட்டினால் 12,871 ரூபாய். மாதத்துக்கு 3,700 ரூபாய்க்கு மேல் குறைந்துவிட்டது என்று குடும்பம் மகிழ்கிறது. ஆனால் செலுத்தும் மொத்த வட்டி 1,96,000 ரூபாயிலிருந்து 2,81,000 ரூபாயாக உயர்ந்துவிடுகிறது. ஏறத்தாழ 85,000 ரூபாய் கூடுதல். மூன்று மணி நேரம் பேரம் பேசி வென்ற 25,000 ரூபாய்த் தள்ளுபடி இதன்முன் ஒன்றுமில்லை. இங்கே எவரும் பொய் சொல்லவில்லை. பேச்சின் பொருள் மட்டுமே மாற்றப்பட்டது.

'ஹேண்ட்லிங் சார்ஜ்', 'லாஜிஸ்டிக்ஸ்', 'எசென்ஷியல் கிட்' என்று வரும் வரிகளுக்கும் மொழியியல் நோக்கில் ஓர் ஒற்றுமை உண்டு. அவற்றுக்கு எழுவாய் இல்லை. "சேர்க்கப்பட்டுள்ளது" என்பார்கள், சேர்த்தவர் யார் என்று சொல்ல மாட்டார்கள். செயப்பாட்டு வினை அரசாணையின் சாயலைப் பெற்றுவிடுகிறது. "இதை வசூலிக்கச் சொல்லும் விதி எது? எழுதித் தர முடியுமா?" என்று கேட்டவுடன் பல நேரங்களில் அந்த வரி மறைந்துபோவது தற்செயலன்று. பழைய காரை மாற்றிக் கொடுக்கும்போதும் இதுவே நிகழ்கிறது. 'எக்ஸ்சேஞ்ச் போனஸ்' பெரிதாக அறிவிக்கப்படும். பழைய காரின் மதிப்பு அமைதியாகக் குறைக்கப்படும். பழையதை விற்பதும் புதியதை வாங்குவதும் இரண்டு வணிகங்கள். இரண்டுக்கும் தனித்தனி எண் கேட்பவருக்கே எது லாபம் என்று தெரியும்.

இவ்வளவையும் விற்பனையாளரின் சூழ்ச்சி என்று முடித்துவிடுவது எளிது, நேர்மையன்று. இந்தியாவில் புதிய கார் விற்பனையில் டீலருக்குக் கிடைக்கும் விளிம்பு பெரும்பாலும் ஒற்றை இலக்க விழுக்காடுதான். வாடகையும் வங்கிக் கடன் வட்டியும் ஊதியமும் அதற்குள் அடங்க வேண்டும். ஆகவே காப்பீட்டுத் தரகும் கடன் தரகும் உபரிச் சாதனங்களும் கூடத்தை உயிரோடு வைத்திருக்கின்றன. எதிரே அமர்ந்திருக்கும் இளைஞரும் மாத இலக்கின்படி ஊக்கத்தொகை பெறும் ஊழியர். அவரும் இதே விலை ஏற்பாட்டுக்குள் அகப்பட்டவர்தான். டீலர் சங்கக் கூட்டமைப்பு 2024 செப்டம்பருக்கு வெளியிட்ட அறிக்கையில், விற்காத கார்கள் 80 முதல் 85 நாள் விற்பனைக்குச் சமமாகத் தேங்கியிருந்ததாகச் சொன்னது. தேங்கிய வண்டிக்கு நாள்தோறும் வட்டி ஏறும். அத்தகைய மாதத்தில் வாங்குபவரின் கை ஓங்கியிருக்கிறது. ஆனால் அவருக்கு அது தெரிந்தால்தான் ஓங்கும்.

பேரத்தையே ஒழித்து எல்லோருக்கும் ஒரே விலை என்று வைத்துவிட்டால் என்ன என்ற கேள்வி இங்கே எழும். அந்த முயற்சி நடந்திருக்கிறது. மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 2021 அக்டோபரில் இந்தியாவில் தானே நேரடியாக வாடிக்கையாளருக்கு விற்கும் முறைக்கு மாறியது. டீலர் முகவரானார், விலை நாடெங்கும் ஒன்றானது. ஆனால் ஒரே விலைக்கு மறுபக்கமும் உண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுசுகி நிறுவனத்துக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் அனுமதித்த அளவுக்கு மேல் தள்ளுபடி தரக்கூடாது என்று டீலர்களைக் கட்டுப்படுத்தியது, வாடிக்கையாளர் வேடத்தில் ஆட்களை அனுப்பிக் கண்காணித்தது, மீறியவர்களுக்குத் தண்டம் விதித்தது என்பன ஆணையத்தின் முடிவுகள். நிறுவனம் மேல்முறையீடு செய்தது. வழக்கின் போக்கு எதுவாயினும் ஒன்று தெளிவு: டீலர்களுக்கிடையே போட்டி இருக்கும்வரை பேரத்துக்கு ஒரு பொருளாதாரப் பயன் உண்டு. பேரத்தைத் தடை செய்வதால் நன்மை பெறுவது எப்போதும் வாங்குபவராகவே இருப்பதில்லை.

அப்படியானால் பேரத்தின் பயன் யாருக்குச் சேர்கிறது? சட்ட அறிஞர் இயன் அயர்சும் பொருளியலாளர் பீட்டர் சீகல்மனும் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான விடை தருகிறது. சிகாகோ வட்டாரத்தின் கார் விற்பனைக் கூடங்களுக்கு அவர்கள் பயிற்சி பெற்ற பரிசோதகர்களை அனுப்பினார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட இணைச் சோதனைகள். எல்லோரும் பேச வேண்டிய உரை ஒன்றே. பேர உத்தி ஒன்றே. ஆயினும் வெள்ளை ஆண்களுக்குச் சொல்லப்பட்ட விலையைவிடப் பெண்களுக்கும் கறுப்பினத்தாருக்கும் சொல்லப்பட்ட விலை கூடுதலாக இருந்தது. கறுப்பின ஆண்களுக்கே அது மிக உயர்ந்திருந்தது. ஒரே சொற்களை ஒரே வரிசையில் சொன்னவர்களுக்கு வெவ்வேறு விலை என்றால், பேரத்தில் வெல்வது பேச்சுத் திறமை என்ற கூற்றுக்கு அங்கேயே முடிவு வந்துவிடுகிறது.

இந்த ஆய்வில் இன்னொரு பாடமும் உண்டு. அமெரிக்காவில் 1958 முதல் ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் விலையும் கூடுதல் வசதிகளின் விலையும் போக்குவரத்துக் கட்டணமும் எழுதிய சீட்டு ஒட்டப்பட வேண்டும் என்பது சட்டம். சிகாகோவின் கார்களிலும் அச்சீட்டு இருந்தது. ஆயினும் பாகுபாடு இருந்தது. கேட்கும் விலையைச் சீட்டு சொன்னது. எவ்வளவு வரை இறங்கலாம் என்பதைச் சொல்லவில்லை. இணையம் வந்தபின் அந்த இரண்டாம் தகவலும் ஓரளவு வெளிவந்தது. ஃபியோனா ஸ்காட் மார்ட்டனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, இணைய வழியே விலை கேட்டு வாங்கிய சிறுபான்மையினர் ஏறத்தாழ மற்றவர்களுக்கு இணையான விலையே கொடுத்தனர் என்று காட்டியது. பேரத்தில் மிகவும் பின்தங்கியவர்களுக்கே தகவல் மிகவும் பயன்பட்டது.

இந்தியாவில் இதற்கு மொழி என்ற பரிமாணமும் சேர்கிறது. அந்த ஆசிரியையிடம் பேச்சு மராத்தியிலும் இந்தியிலும் நடக்கிறது. கையொப்பமிடும் தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. வாக்குறுதி ஒரு மொழியில், ஒப்பந்தம் வேறொரு மொழியில். இரண்டுக்கும் இடையில் நழுவுவதை மீட்க, ஆங்கிலத்தைச் சரளமாக வாசிக்கும் ஒருவர் அருகில் இருக்க வேண்டியிருக்கிறது. அலுவலகத்தில் ஏற்கெனவே நால்வர் கார் வாங்கியிருந்தால் அவர்கள் பெற்ற தள்ளுபடி தெரியும். முதல் தலைமுறையாக வாங்குபவருக்கு அந்த நால்வர் இல்லை. வர்க்கமும் சாதியும் பாலினமும் அணுகக்கூடிய தகவலாக உருமாறிக் கொட்டேஷன் தாளில் எண்ணாக வந்து நிற்கின்றன. சிகாகோச் சோதனையை இந்திய நகரங்களில், பேசும் மொழியையும் தொனியையும் மாற்றி மாற்றிச் செய்து பார்ப்பது சமூக மொழியியல் மாணவர்களுக்கு உகந்த ஆய்வுப் பொருள்.

தகவல் பொதுவில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை அண்மையில் நாடே கண்டது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. கூடுதல் தீர்வையும் நீங்கியது. எந்த மாடலுக்கு எவ்வளவு குறையும் என்று நிறுவனங்களே பட்டியல் வெளியிட்டன. அந்தக் குறைப்புக்காக எவரும் மன்றாட வேண்டியிருக்கவில்லை. எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தார்கள்.

சட்டம் இதை அறியாததன்று. 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட ஏமாற்று வடிவமைப்புகளுக்கெதிரான வழிகாட்டு நெறிகள் பதின்மூன்று உத்திகளைப் பெயர் சொல்லித் தடுக்கின்றன. விலையைத் துளித்துளியாக வெளிப்படுத்துவது, கேட்காததைக் கூடையில் சேர்ப்பது, பொய்யான அவசரத்தை உண்டாக்குவது ஆகியவை அவற்றுள் சில. இணையத் திரையில் இவை தவறென்று தெளிவாகப் பெயரிடப்பட்டுவிட்டன. இதே மூன்றும் கூடத்தின் நாற்காலியில் வாய்மொழியாக நடந்தால் அதற்கு விற்பனைத் திறன் என்று பெயர். எழுத்தில் குற்றமாவது பேச்சில் மட்டும் கலையாவது எப்படி?

தீர்வு பெரிய சட்டமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பக்கத் தாள் போதும். முன்பணம் வாங்குவதற்கு முன், வாங்குபவர் தேர்ந்தெடுக்கும் மொழியில் அதைத் தர வேண்டும். அரசுக்குச் செல்வது எது, டீலருக்குச் செல்வது எது, விருப்பத்துக்கு உட்பட்டது எது என்று மூன்று பத்திகள். உற்பத்தியாளர் அந்த மாதம் அளிக்கும் சலுகையின் அளவு. கடன் என்றால் செலுத்தப்போகும் மொத்தத் தொகை. வண்டி தயாரான மாதமும் ஆண்டும். இத்தாள் பேரத்தைத் தடுக்காது. டீலர் இன்னும் குறைத்துக் கொடுக்கலாம். பேரம் எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக்கும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலையைப் பற்றி அறியும் உரிமையை ஏற்கெனவே தந்திருக்கிறது. அந்த உரிமைக்கு ஒரு வடிவம்தான் இன்னும் தரப்படவில்லை.

அதுவரை வாங்குபவர் கையில் இருப்பது ஒரே ஒரு வாக்கியம்: "ஒவ்வொரு வரிக்கும் உரிய தொகையைத் தனித்தனியாக எழுதித் தாருங்கள், வீட்டில் படித்துவிட்டு நாளை வருகிறேன்." இதைச் சொல்ல நாவன்மை தேவையில்லை. அவசரத்தை மறுத்து, பேச்சை எழுத்தாக மாற்றும் வாக்கியம் இது. ஆனால் இந்த எளிய வாக்கியத்தைச் சொல்வதற்கும், தமக்கு அதைச் சொல்ல உரிமை உண்டென்ற உணர்வு முதலில் வேண்டும். அந்த உணர்வு ஐந்து ரூபாய் பிஸ்கட் வாங்கும் சிறுமிக்கு இருக்கிறது. பத்து லட்சம் கொடுக்கும் ஆசிரியைக்கு இல்லாமற்போனது அவருடைய குறையன்று.